தொங்கும் சக்கரம்

அத்தியாயம் ஆறு

செத்தவன் ஓட்டிய ஜீப்புக்கு அடியில் சர்வேயர் அக்கா மல்லாந்து கிடந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு செருப்புக் கால்கள் மட்டும். அவளுடைய உதவியாள் ஹாரன் அந்தக் கால்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான்.

"அக்கா, அப்பப்போ ஏதாவது பேசுங்க. உயிரோட இருக்கீங்களான்னு தெரியணும்ல."

"டார்ச்சைக் கொடு."

"பேசத்தான் சொன்னேன். வேலை வைக்கச் சொல்லலை."

ஹாரன் என்பது லாரி ஷெட்டில் வைத்த பேர். வாய் ஓயாது. வருஷக்கணக்கில் லாரி ஓட்டியவன். ஒருநாள் சரக்கோடு இறக்கத்தில் வரும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. வண்டி ஒரு மண்மேட்டில் ஏறி நின்றதால் பிழைத்தான். இறங்கியவன் அதோடு லாரியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான். அக்கா அப்போது விபத்து வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயராக இருந்தாள். அவள் அந்த வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்ததும் இவன் ஒட்டிக்கொண்டான். பயம் வந்தால் இவனுக்கு நக்கல் வரும். இன்று இந்த மலைக்கு பஸ் ஏறியதிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

மலை உச்சியில் இருந்த அந்த ஷெட் அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் காட்டுப் பாதையில் ஜீப்பில் கூட்டிப் போவது தொழில். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, இரண்டு பழைய ஜீப்புகள். அடிவயிறு பாறையில் இடிக்காமல் இருக்க, இரண்டையும் ஸ்பிரிங் மாற்றி அரைச்சாண் தூக்கிக் கட்டியிருந்தார்கள். போன திங்கட்கிழமை தம்பிக்காரன் சிவப்பு ஜீப்பில் தனியாகக் கீழே இறங்கினான். பாதி வழியில் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தண்ணீர்ப் பள்ளம். அதைத் தாண்டியதும் பிரேக் இல்லை. வளைவில் தடுப்புக் கல்லை உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் விழுந்தான். மேலே இழுத்துப் பார்த்தபோது முன்சக்கரத்து பிரேக் ஹோஸ் பிய்ந்து கிடந்தது.

வண்டிச் சட்டத்திலிருந்து சக்கரத்துக்கு பிரேக் ஆயிலைக் கொண்டு போகிற குழாய் அது. வண்டியைத் தூக்கிக் கட்டினால் குழாயும் நீளமாக வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இழுபட்டுப் போய்விடும். பிய்ந்து கிடந்ததோ கம்பெனி போட்ட பழைய குட்டை ஹோஸ். நீள ஹோஸுக்குக் கூலி வாங்கிக்கொண்டு பழசையே விட்டு ஏமாற்றிவிட்டான் என்று மெக்கானிக்கை போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கொலைக்குச் சமமான குற்றம் என்று எழுதப் போவதாகப் பேச்சு. சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள்.

மெக்கானிக்கின் மனைவி பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவள். நேற்று ஈரச் சேலையோடேயே அக்காவைத் தேடி வந்தாள்.

"வீட்டுல கதவைச் சாத்த மறப்பாரு, புள்ளையைக் கூப்பிட்டு வர மறப்பாரு. பிரேக் வேலையில மறக்க மாட்டாரு," என்றாள். "கழட்டின பழசைக்கூட ஒரு பையில போட்டு வண்டிக்காரங்க கையில குடுத்துருவாரு. மாத்தாமயே ஏமாத்திட்டான்னு நாளைக்கு ஒரு சொல் வந்துடக்கூடாதுன்னு. இவங்களுக்கும் குடுத்தாரு. இப்போ அந்த அண்ணன்காரர் பையே வாங்கலைங்கிறாரு. ஊரே எங்க பட்டறையை அடிச்சு நொறுக்கிடுச்சு. அவர் உள்ளே போயிட்டா வெளிய வரமாட்டாரு. உடம்பு தாங்காது."

இன்று காலை பார்ட்ஸ் கடைக்காரம்மாவும் அதே ஆளைப் பற்றித்தான் சொன்னாள். "மறக்க முடியுமா? கையில ஒரு சணல் கயிறோட வந்தான். ஜீப்பைச் சட்டத்துல முட்டுக் கொடுத்து, சக்கரத்தை அந்தரத்துல தொங்கவிட்டு அளந்த கயிறாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒடிச்சு ஒரு முடிச்சு. ரப்பர் வேணாம், கம்பி வலை சுத்தினது குடுன்னான். நீளமா ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். இது ரொம்ப நீளம், டயர்ல உரசும்னான். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி என் கடையில இருந்த ஹோஸையெல்லாம் தடவிப் பார்த்துட்டு, ரெண்டு ஜீப்புக்கும் எடுத்துட்டுப் போனான்."

நல்ல ஹோஸ் வாங்கினான் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. மாட்டினான் என்பதற்குத்தான் இல்லை.

ஜீப்புக்கு அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "முதலாளி, இந்த சிவப்பு தினமும் கீழே இறங்குமா?"

அண்ணன்காரன் பக்கத்தில்தான் குந்தியிருந்தான். தம்பி செத்த துக்கத்தில் சவரம் செய்யாத முகம். "தினமும் இறங்கும் மேடம். ரெண்டு நடை, மூணு நடை."

"அந்தப் பள்ளம் வழியாவா?"

"வேற வழி ஏது?"

"மெக்கானிக் வேலை பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வாரம் இருக்கும்."

அடியில் அலைந்துகொண்டிருந்த டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. ஹாரனுக்கு அந்த "ம்" தெரியும். அக்கா எதையோ பிடித்துவிட்டாள்.

அண்ணன்காரன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "விழுந்த இடத்தைப் பார்க்கணும்னீங்களே. பஸ் வர நேரமாகும். பச்சையை எடுத்துக்கங்க, நேத்துகூட நான் கீழே போயிட்டு வந்த வண்டிதான். கீழே செக்போஸ்ட்ல விட்டுருங்க, நான் அப்புறம் எடுத்துக்கிறேன். ஒரு தடவை பார்த்து ரெடி பண்ணிக் குடுத்துடுறேன்." முன்பக்கம் போனான்.

"தங்கமான மனுஷன்," என்றான் ஹாரன்.

"ம்."

அக்கா அடியில் கிடந்து ஒவ்வொரு நட்டாகத் தடவிக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்தாள். மறுபடி தடவினாள். நேரம் போனது. ரத்தக் கறை பிடித்த சீட்டுக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் ஹாரன் முன்பக்கம் நழுவினான். அங்கே யாருமில்லை. வேலையாட்களுக்கு துக்கத்துக்காக லீவு விட்டிருந்தார்கள். பச்சை ஜீப்பின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அண்ணன்காரன் சாக்கு விரித்துப் படுத்திருந்தான்.

"அண்ணே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பெடல் கொஞ்சம் சாஃப்டா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போற வண்டி, சந்தேகத்தோட அனுப்ப மனசு வரலை. ஏறி உட்கார்ந்து அழுத்துறீங்களா?"

பிரேக் விஷயத்தில் அக்கறை காட்டுகிற எவனும் ஹாரனுக்குச் சொந்தக்காரன். ஏறி உட்கார்ந்தான்.

"அழுத்துங்க. பிடிங்க. விடுங்க. அழுத்துங்க. பிடிங்க."

கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. ஹாரனுக்கு மனசு குளிர்ந்தது. இப்படி ஒரு பெடலை மிதித்து எத்தனை நாளாச்சு.

கேட்டைத் தாண்டியதுமே அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. இடது பக்கம் மலை, வலது பக்கம் வெறும் ஆகாயம். கீழே பனிமூட்டம் பால் மாதிரி தேங்கிக் கிடந்தது. தூக்கிக் கட்டிய ஜீப் ஒவ்வொரு கல்லுக்கும் ஆடியது. மச்சு மேல் உட்கார்ந்து மச்சையே ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஹாரன் முதல் கியரில் போட்டவன் மாற்றவே இல்லை. இஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தியபடி இறங்கியது.

"நடந்தே போயிருக்கலாம் போல," என்றாள் அக்கா.

"நடக்கிறவனுக்கு பிரேக் தேவையில்லை. அந்த யோசனை எனக்கும் பிடிச்சிருக்கு. இறங்கிடுவோமா?"

"ரெண்டாவது கியர் போடுடா. கோர்ட்டு நேரத்துக்குள்ள ஸ்டேஷன் போகணும்."

"என் கை வரமாட்டேங்குது அக்கா. நீங்க வேணா அதுக்கு எடுத்துச் சொல்லுங்க."

அக்கா சிரித்தாள். சிரித்த முகம் உடனே மாறியது. "அந்த மெக்கானிக் மாட்டலைடா அந்தக் குட்டை ஹோஸை."

"எப்படித் தெரியும்?"

"சிவப்பு ஜீப் மூணு வாரமா அந்தப் பள்ளத்துல இறங்கி ஏறியிருக்கு. பழைய ஹோஸோட ஒரு தடவை இறங்கியிருந்தாலே போயிருக்கும். அப்போ இத்தனை நாளும் வண்டியில இருந்தது நீள ஹோஸ். அது திங்கட்கிழமைக்கு முன்னாடிதான் குட்டையா மாறியிருக்கு. நட்டுல ஸ்பானர் பிடிச்ச தழும்பு பளபளன்னு புதுசா இருக்கு."

ஹாரன் யோசித்தான். "மெக்கானிக் பையில போட்டுக் குடுத்த பழசு."

"அதேதான். நேர்மையா இருக்கணும்னு அவன் குடுத்தது அவன் கழுத்துக்கே வந்திருக்கு. சமதரையில நிக்கும்போது குட்டை ஹோஸும் நல்லாத்தான் எட்டும். பார்த்தா ஒண்ணும் தெரியாது. சக்கரம் தொங்கினாத்தான் வம்பு. ஒரே லைன் பிரேக், ஒரு ஹோஸ் போனா நாலு சக்கரத்துக்கும் கிடையாது."

"அண்ணன்காரனா?"

"தம்பி பாகம் பிரிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருந்திருக்கான். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு இடத்துல எனக்கு முட்டுதுடா." அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தாள். ரோட்டைக் குறுக்கே வெட்டிய பள்ளம் தெரிந்தது. அதற்கப்பால் செங்குத்தான இறக்கம், இறக்கத்தின் முடிவில் வளைவு, வளைவில் பல் விழுந்த மாதிரி உடைந்த தடுப்புக் கல். "மெதுவா இறக்கு. சக்கரம் எவ்வளவு தொங்குதுன்னு பார்க்கணும்."

"எங்க முட்டுது?"

"ஹோஸை மாத்தினா உள்ளே காத்து ஏறிடும். காத்தை எடுக்காம பிரேக் பிடிக்காது. அதுக்கு எத்தனை ஆள் வேணும்?"

"ரெண்டு. ஒருத்தன் சக்கரத்துகிட்ட நிப்பிளைத் திறக்க, ஒருத்தன் பெடலை மிதிக்க."

"அந்த ரெண்டாவது ஆள் யாரு? ஞாயித்துக்கிழமை வேலையாள் ஒருத்தனும் வரலை. விசாரிச்சுட்டேன். ஷெட்ல இருந்தது அண்ணனும் தம்பியும் மட்டும்." அக்காவின் குரல் தாழ்ந்தது. "தம்பிதான்டா மிதிச்சிருக்கான். அண்ணன் அழுத்துன்னா அழுத்தி, விடுன்னா விட்டு. நம்ம வண்டியை அண்ணன் சரி பண்றாருன்னு நினைச்சுக்கிட்டு. யார் சாகப் போறானோ அவனையே உட்கார வச்சு வேலை வாங்கியிருக்கான். அப்புறம் சாட்சி சொல்ல ஆள் இருக்காது பாரு."

வலது முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் ஏறியது. ஹாரனின் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது.

"என்னடா, வாய்க்குப் பூட்டு?"

"அக்கா." ஹாரன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "நீங்க சிவப்புக்கு அடியில கிடந்தப்போ... பச்சையில நான்தான் மிதிச்சேன்."

அக்கா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "நிறுத்து."

சக்கரம் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. பெடல் ஒரு கணம் கல்லாக நின்றது. அடியில் எங்கோ, இழுத்துக் கட்டிய கயிறு அறுகிற மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"அக்கா, என் கால் தரையில இருக்கு."

ஜீப் பள்ளத்தில் விழுந்து எழுந்து இறக்கத்தில் மூக்கை நீட்டியது. முதல் கியர் பிடித்தது. பிடித்தாலும் இறக்கம் தள்ளியது. இஞ்சின் ஊளையிட ஆரம்பித்தது. ஹாரன் கைப்பிரேக்கை இழுத்தான். குடைக்கம்பி மாதிரி சும்மா வந்தது. அதையும் கழற்றி வைத்திருந்தான் பாவி. உடைந்த கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் வழியே வெள்ளைப் பனிமூட்டம் மட்டும் தெரிந்தது.

"குதிக்கட்டுமா?" என்றாள் அக்கா. அவள் குரல் நடுங்கி ஹாரன் இதுவரை கேட்டதில்லை.

"குதிச்சா பின்சக்கரம் ஏறிடும். கம்பியைப் பிடிங்க. காலை உள்ளே இழுங்க."

ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். ஜீப்பின் விலா மலைச் சுவரில் உரசியது. தகரம் கிழிகிற சத்தம் காதைக் கிழித்தது. மண்ணும் கல்லும் வேரும் உள்ளே வந்து விழுந்தன. வளைவு வந்துவிட்டது. உரசிக்கொண்டே திரும்பினான். பின்னால் கட்டியிருந்த பெரிய தண்ணீர்க் கேன் பிய்த்துக்கொண்டு பறந்து, உடைந்த கல் வழியாகப் பள்ளத்தாக்கில் உருண்டு உருண்டு இடித்துக்கொண்டே போனது. ஜீப் வளைவுக்கு அந்தப் பக்கம், மலையோரச் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கி, முனகி, நின்றது.

கேன் விழுகிற சத்தம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"நீ ரெண்டாவது கியர் போட்டிருந்தா," என்று ஆரம்பித்து அக்கா நிறுத்திக்கொண்டாள்.

"பயந்தவன்கூட வாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." பல் அடித்துக்கொண்டதில் ஹாரனுக்குப் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அக்கா குனிந்து பார்த்தாள். குட்டை ரப்பர் ஹோஸ். நடுவில் பிளந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தொடவில்லை. உதட்டில் விரல் வைத்தாள்.

மேலே ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. இஞ்சின் சத்தமில்லை. டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்குகிற சத்தம் மட்டும். இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டி விட்டிருக்கிறான்.

இருவரும் வளைவின் பாறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். ஹாரனுக்குத் தன் மூச்சுச் சத்தமே பகையாகத் தெரிந்தது. அண்ணன்காரன் வண்டியை நிறுத்திவிட்டு உடைந்த கல்லுக்கு நடந்தான். இடுப்பில் பெரிய ஸ்பானர் செருகியிருந்தது. கேன் உருண்ட சத்தத்தை ஜீப் விழுந்த சத்தமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், வளைவைத் தாண்டிப் பார்க்கவே இல்லை. நேராக விளிம்புக்குப் போய்ப் பள்ளத்தாக்கைத்தான் எட்டிப் பார்த்தான். பனிமூட்டத்துக்குள் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றான். போனை எடுத்தான். எடுத்ததும் அவன் முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்ஸ்பெக்டர் சார்... பச்சை ஜீப்பும் போயிடுச்சு சார். அந்த சர்வேயரம்மாவும் கூட வந்த ஆளும்... ரெண்டு பேருமே முடிஞ்சுட்டாங்க சார். நான் என்ன சார் பாவம் பண்ணேன். அந்தப் படுபாவி மெக்கானிக் இதுலயும் அதே குட்டை ஹோஸைத்தான் சார் மாட்டியிருக்கான்."

தன் சாவுச் செய்தியை ஹாரன் நின்று கேட்டான். அழுகை அசலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டால் தனக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அக்கா அவன் காதில் சொன்னாள். "ஹோஸை அவன் பார்க்கவே இல்லை. பார்க்காமலே குட்டைங்கிறான். போன் கட் ஆகக்கூடாது. போ."

"நானா?"

"நீதான்."

அந்த நாலைந்து எட்டு ஹாரனுக்குக் காடு மேடெல்லாம் நடந்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் ஸ்பானர். பின்னாலிருந்து போய், காதில் வைத்திருந்த போனை அப்படியே உருவினான்.

அண்ணன்காரன் திரும்பினான். செத்தவன் எதிரே நிற்பதைப் பார்த்த முகம் அது. ஒரு கணம்தான். கை இடுப்புக்குப் போனது.

"ஹலோ? ஹலோ? யாரு பேசுறது?" என்றது போன்.

"செத்துப்போனவங்கதான் பேசுறோம் சார்," என்றான் ஹாரன். குரல் கீச்சென்று வந்தது. ஸ்பீக்கரை அழுத்தினான்.

அக்கா பாறைக்குப் பின்னாலிருந்து வந்தாள். "சார், சர்வேயர் பேசுறேன். ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம். எங்க முன்னாடி இந்த முதலாளி ஸ்பானரோட நிக்கிறார். எங்களுக்கு இனிமே ஏதாவது ஆனா அது விபத்து இல்லைன்னு குறிச்சுக்கங்க."

ஸ்பானர் பாதி உருவின நிலையில் நின்றது.

"என்னம்மா நடக்குது அங்கே?"

"பச்சை ஜீப் எப்போ வரைக்கும் இந்தப் பள்ளத்துல இறங்கி ஏறிச்சுன்னு செக்போஸ்ட்ல கேளுங்க. நேத்து வரைக்கும்னு சொல்லுவாங்க. அப்போ நேத்து வரைக்கும் இதுல இருந்தது நீள ஹோஸ். இப்போ குட்டை ஹோஸ் பிளந்து தொங்குது, நான் தொடலை, நீங்களே வந்து பாருங்க. இதை மாட்டும்போது பெடல் மிதிச்சவன் இதோ நிக்கிறான், சாட்சி சொல்லுவான். இப்போ நீங்க ஒண்ணு சொல்லுங்க சார். உங்க மெக்கானிக் நேத்து ராத்திரியிலேர்ந்து எங்கே இருக்கான்?"

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அவன் நாலு நாளா என் லாக்கப்லதான்மா இருக்கான்."

அண்ணன்காரன் மெல்ல உட்கார்ந்தான். உடைந்த கல்லில் சாய்ந்து, கையை முகத்தில் வைத்துக்கொண்டான். ஸ்பானர் நழுவி ரோட்டில் விழுந்தது. ஹாரன் அதைக் காலால் தள்ளினான். அது பனிமூட்டத்துக்குள் போய் விழுந்த சத்தம்கூட வரவில்லை.

"அங்கேயே இருங்க, ஜீப்பு அனுப்புறேன்," என்றது போன். கொஞ்சம் தயங்கியது. "அவன் பொண்டாட்டி காலையிலேர்ந்து ஸ்டேஷன் வாசல்லயே உட்கார்ந்திருக்கு."

"உள்ளே கூப்பிடுங்க சார்," என்றாள் அக்கா. "கூப்பிடும்போது லாக்கப் சாவியையும் கையில எடுத்துக்கங்க."